அம்மா கொண்டுபோன பேணி

“உங்கடை ஆக்களிலை ஆர் படிச்சவை, நீ படிச்சுக் கிழிக்கப்போறாய்?”

இப்படிக் கேட்டவர் நாட்டைவிட்டு வந்து நாங்கள் குடியிருந்த பார்க்டேல் கட்டிடத்தின் எட்டாம் மாடியில் இருந்த அன்ரி. கேட்ட இடம் நிலக்கீழ் லோன்றி அறை. எனக்கு அப்போது பதினாறு வயது. உடுப்புக் காயவைக்கும் மெஷினின் சூடான தலையில் கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். அன்ரியைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். உடுப்புத் தோய்க்க இறங்கும்போதெல்லாம் எனக்கென்று இரண்டு முறுக்குக் கொண்டுவருவார். ஆனால் “உங்கடை ஆக்கள்” என்ற சொல்லையும் யாழ்ப்பாணத்திலிருந்து சூட்கேசில் மடித்து வைத்துக் கொண்டுவந்திருந்தார். விமான நிலையத்தில் யாரும் அதைப் பிடிக்கவில்லை. பிறகு நான் யூனிவேர்சிற்றிக்குப் போனபோது “எங்கடை கட்டிடத்துப் பிள்ளை” என்று ஊரெல்லாம் சொன்னவரும் அவர்தான்.

அவர் கேட்டதில் பொய்யில்லை. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் படித்ததில்லை. அம்மா ஒரு பள்ளிக்கூடத்தின் உள்பக்கத்தைப் பார்த்தது அதைக் கூட்டப் போனபோதுதான்.

இதெல்லாம் ஏன் இப்போது என்றால், ஒரு மணம். நகரத்தின் கிழக்கே ரூஜ் பக்கம் ஒரு சிறிய வீட்டுக்கு மாறி வந்த பிறகு அம்மா ஒரு சாப்பாட்டு மேசை வாங்கினார். பழையதுதான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் எலுமிச்சை மணக்கும் பொலிஷை அதன்மேல் அடித்து, முகம் தெரியும்வரை துடைப்பார். போன ஞாயிறும் அப்படித்தான். சம்பலில்கூட எலுமிச்சை பொலிஷ் மணத்தது. வாயில் வைத்ததும் நான் நேரே ஐந்து வருடம் பின்னால் போய்விட்டேன். இருபத்திரண்டு வயதில் இவளுக்கு என்ன பழைய நினைவு என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அந்த மணத்துக்குச் சொந்தமானது, நகரத்தின் வடக்கே பெரிய மரங்கள் நின்ற தெருவொன்றில் இருந்த ஒரு கல்வீடு. ஸ்றீட்கார் என்னும் டிராம், சப்வே, கடைசியாக ஒரு பஸ் என்று மூன்று மாறிப் போகவேண்டும். அந்தக் கடைசி பஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். காலையில் அதில் போகிறவர்கள் எல்லோரும் பெண்கள். ஒருவர்கூட வெள்ளையில்லை. எல்லோர் மடியிலும் ஒரு பிளாஸ்ரிக் பை, அதற்குள் வீட்டுக்குள் போடும் சப்பாத்து. ஓட்டுனர் ஒவ்வொரு தரிப்பிலும் நிறுத்துவார், இரண்டு இரண்டு பேராக இறங்கிப் பின்கதவுகளை நோக்கி நடப்பார்கள். முன்கதவுகளால் வெளியே வருகிறவர்கள் காரில் ஏறி எதிர்ப்பக்கம் போவார்கள்.

அம்மா அந்த வீட்டில் திங்கள், புதன், வெள்ளி துப்புரவு வேலை செய்தார். அப்பா ஊரிலேயே இறந்துவிட்டார். அம்மாவும் நானும்தான். அம்மாவின் வேலைதான் வாடகை, சாப்பாடு, என்னுடைய பள்ளிக்கூடக் கொப்பிகள் எல்லாம். வீட்டுக்காரியை அம்மா ‘மிஸிஸ்’ என்பார். மிஸிஸ் அம்மாவை ‘ரீட்டா’ என்பார். அம்மாவின் பெயர் இரத்தினேஸ்வரி. அதில் முதல் எழுத்துக்குப் பக்கத்தில் எங்கோ ஒரு ரீட்டா கேட்டிருக்கவேண்டும்.

அந்த வீட்டிலேயே தங்கி இரண்டு பிள்ளைகளையும் பார்த்து, சமைத்தும் வந்தவர் டொறீன். சென்ற் வின்சென்ற் தீவிலிருந்து வந்த கறுப்பினப் பெண். நல்ல உயரம். படியேறும்போதுகூட ஏதோ ஒரு தேவாலயப் பாட்டை முணுமுணுப்பார். ஆனால் அம்மா குசினிக்குள் வந்தால் பாட்டு நின்றுவிடும். இரண்டு வருடம் ஒரே குசினியில் வேலை செய்தும் இருவரும் பத்து வார்த்தை பேசியிருக்கமாட்டார்கள்.

“அந்தப் பிள்ளைக்கு என்னைக் கண்ணிலை காட்டேலாது. நான் என்ன செய்தனான் எண்டு எனக்குத் தெரியேல்லை” என்று அம்மா சொல்வார்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு தை மாதம், பஸ் தரிப்பில் உறைந்திருந்த பனியில் வழுக்கி விழுந்து அம்மாவின் வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு கிழமைக்கு, ஒன்றரை மாதத்துக்கு, மாவுக்கட்டு என்றார்கள். அம்மாவுக்கு முன்னால் அந்த வீட்டில் வேலை செய்த போர்த்துக்கேயப் பெண் காய்ச்சலென்று ஒரு கிழமை வேலைக்கு வராமல் நின்றபோது அவருடைய இடத்துக்கு வந்தவர்தான் அம்மா. அதனால் ஆறு கிழமை என்றால் என்ன நடக்கும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

“நாளைக்கு மட்டும் என்ரை வேலைக்கு நீ போட்டு வா. பிறகு யோசிப்பம்” என்றார் அம்மா.

நான் முதலே யோசித்துவிட்டேன். பன்னிரண்டாம் வகுப்பின் அரையாண்டுச் சோதனை அடுத்த கிழமை தொடங்க இருந்தது. பள்ளிக்கூட அலுவலகத்தில், பள்ளியை விட்டு விலகும் படிவம் ஒன்றை வாங்கிப் பையில் வைத்திருந்தேன். அம்மா அதில் கோணல் மாணலாக ஒரு கையெழுத்து வைக்கவேண்டும். அது என்ன கடதாசி என்று அவரால் வாசிக்க முடியாது. நானும் சொல்வதாயில்லை. பெரிய தியாகி என்ற நினைப்பு எனக்கு. வாழ்க்கையில் அன்றைக்கு ஒரு நாள்தான் கண்ணாடியில் என்னைப் பார்த்து நானே அழுதேன்.

திங்கட்கிழமை காலை பின்கதவில் டொறீனிடம் என் வரவை அறிவித்தேன். எனக்கு அப்போது ஆங்கிலத்தில் சரியான மிடுக்கு. நூலகத்து அகராதியில் நாளுக்குப் பத்துச் சொல் என்று பாடமாக்கிக்கொண்டிருந்த காலம். ‘எனது தாயார் எதிர்பாராத விபத்தொன்றுக்கு உள்ளாகியமையால்’ என்கிற மாதிரி ஓர் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன்.

டொறீன் என்னை மேலும் கீழும் பார்த்தார். “பிள்ளை, நீ என்ன கோட்டிலை சாட்சி சொல்லுறியோ? குளிருது, கதவைச் சாத்து.”

டொறீன் பேசியது அவருடைய தீவின் ஆங்கிலம். சொற்களைக் கடித்து, இழுத்து, பாதியை விழுங்கிப் பேசுவார். அதைப் புத்தகத் தமிழில் எழுதினால் அவர் அவராக இருக்கமாட்டார். அதனால் எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன். அவருக்கு அது பொருந்துகிறது.

காலை முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. நான் குளியலறைகளை உரஞ்சினேன். மரப்படிகளுக்கு எலுமிச்சை பொலிஷ் போட்டேன். பதினொரு மணிக்கு அவர் கேத்திலைப் போட்டு இரண்டு பேருக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனார். நான் பையைத் திறந்து அம்மாவின் எவர்சில்வர் பேணியை எடுத்தேன். தமிழ்நாட்டு நண்பர்கள் டம்ளர் என்பார்களே, அதுதான். அம்மா வேலைக்குப் போகும்போது எப்போதும் அதைத் துணியில் சுற்றிக் கொண்டுபோவார். அன்றும் பழக்கத்தில் பையில் வைத்துவிட்டார். நானும் பழக்கத்தில் எடுத்துவிட்டேன்.

டொறீன் கேத்திலைக் கீழே வைத்தார்.

“அப்ப நீயும் அப்பிடித்தானோ?”

“எப்பிடி?”

“நான் கழுவின கோப்பையிலை குடிச்சா உங்களுக்கு என்ன வரும்? என்ரை நிறம் ஒட்டுமோ? முதல் நாள் உன்ரை அம்மாவுக்கு நான் தேத்தண்ணி போட்டு நீட்டினனான். கையைக் கூப்பி, தலையை ஆட்டி, தன்ரை தகரத்தை எடுத்து வைச்சவ. ரெண்டு வருஷம். நான் மறக்கேல்லை.”

என் அகராதி ஆங்கிலம் முழுக்க அந்த நிமிடமே ஓடிப்போய்விட்டது. சாதிக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் ஊரில் அம்மா நெல் குத்தப் போன வீடுகளின் பின்வேலியில் கவிழ்ந்து தொங்கிய வெறும் டின்பால் தகரத்துக்கு எந்த அகராதியிலும் சொல் இல்லை. அம்மாவும் அம்மாவோடு வேலைக்குப் போனவர்களும் மட்டும் குடிக்க என்று அது தொங்கும். நடித்துத்தான் காட்டினேன். பேணியைக் கதவுப் பிடியில் கவிழ்த்து மாட்டினேன். எடுத்தேன். குந்தியிருந்து இரண்டு கையாலும் ஏந்தினேன். எழுந்து, வீட்டுக்காரியாக மாறி, முட்டாமல் உயரத்திலிருந்து ஊற்றினேன். திரும்பக் குந்தினேன். ஒரே ஆள் இரண்டு வேடம் என்பதால் கொஞ்சம் மூச்சு வாங்கியது.

டொறீன் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப உன்ரை அம்மா தன்ரையைக் கொண்டு வாறது…”

“உங்களாலை இல்லை. மிஸிஸாலை. அவ ஒரு தனிக் கோப்பை எடுத்துத் தர முந்தி அம்மா தானே கொண்டு வந்திட்டா, ஒருத்தரும் தரத் தேவையில்லைத்தானே. அதுதான் அம்மாவின்ரை யோசினை.”

டொறீன் குனிந்து சிங்குக்குக் கீழேயிருந்த கதவைத் திறந்தார். பிளீச் போத்தலுக்கும் கடற்பஞ்சுக்கும் பின்னாலிருந்து ஒரு தடித்த கோப்பையை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பெரிய பொட்டு.

“இது என்ரை. வந்த முதல் நாளே மிஸிஸ் தந்தவ. மாறிப்போகாமல் இருக்கட்டும் எண்டு பொட்டும் வைச்சுத் தந்தவ.” கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உன்ரை அம்மா கெட்டிக்காரி. எனக்கு உந்த மூளை வரேல்லை.”

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையானவள் இல்லை. டொறீன் நினைத்தது அம்மாவைப் பொறுத்தவரை பிழை. எங்கள் கட்டிடத்தைப் பொறுத்தவரை பிழையில்லை. லிப்ட் கதவு திறந்து உள்ளே ஒரு கறுப்பினக் குடும்பம் நின்றால், “அடுத்ததிலை வாறம்” என்று பின்வாங்குகிறவர்கள் எங்களில் இருந்தார்கள். நானும் ஒரு தடவை அப்படிப் பின்வாங்கிய கூட்டத்தில் நின்றிருக்கிறேன். அந்தக் குசினியில் அது ஞாபகத்துக்கு வந்தது. டொறீனிடம் சொல்லத் துணிவு வரவில்லை.

அவர் கண்ணாடி அலுமாரியைத் திறந்து, விருந்துக்கு மட்டும் எடுக்கும் தங்க விளிம்புக் கோப்பைகள் இரண்டை எடுத்தார்.

“ஐயோ, உடைஞ்சா?”

“உடைஞ்சா பூனை உடைச்சது.”

“இஞ்சை பூனை இல்லையே.”

“வாங்குவம்.”

அந்தக் கோப்பையில் குடித்த தேத்தண்ணி அப்படியொன்றும் விசேஷமில்லை. சீனி கூடிப்போயிருந்தது. ஆனால் இரண்டு பேரும் கதிரையில் இருந்து குடித்தோம்.

“எந்த வகுப்பு?” என்றார் டொறீன். சொன்னேன். “இண்டைக்குத் திங்கட்கிழமை. ஏன் பள்ளிக்கூடத்திலை இல்லை?” அதையும் சொன்னேன். சோதனை, மாவுக்கட்டு, ஆறு கிழமை எல்லாவற்றையும். கேட்டவுடன் படிவத்தையும் எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை நிதானமாக வாசித்தார். மறுபக்கம் திருப்பினார். பேனையை எடுத்து, பால், முட்டை, பிள்ளைகளின் சீரியல், பிளீச் என்று வரிசையாக எழுதி, காந்தத்தை வைத்துப் பிரிஜ்ஜில் ஒட்டினார். அன்று பின்னேரம் மிஸிஸ் என் கல்வியின் முடிவை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தார்.

“மூண்டு நாளும் நான் பாக்கிறன்” என்றார் டொறீன். “மிஸிஸ் காலமை போனா ஆறு மணிக்குத்தானே வாறவ. ஆர் கூட்டினது எண்டு தும்புத்தடி சொல்லாது. அயன் பண்ணுற உடுப்பு முழுக்க சேத்து வைக்கிறன். நீ சனிக்கிழமை வந்து அதைச் செய். வெள்ளிக்கிழமைச் சம்பளக் கவரை அண்டைக்கு எடுத்துக்கொண்டு போ.”

“நீங்கள் ஏன்…”

“எனக்கு ஊரிலை பதினொரு வயசிலை ஒரு பெட்டை இருக்கிறாள். ஆறு வருஷமா நான் அவளைப் பாக்கேல்லை. அவளைப் பள்ளிக்கூடம் அனுப்பத்தான் நான் இஞ்சை நிக்கிறன். என்ரை கண்ணுக்கு முன்னாலை இன்னொரு பெட்டை பள்ளிக்கூடத்தை விட்டா எனக்கு விசர் வரும். குடி, ஆறப்போகுது.”

வீட்டுக்கு வந்து கோப்பைக் கதையைச் சொன்னதும் அம்மா தன் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு வருஷமா அப்பிடியோ நினைச்சவ?”

“ஓம்.”

“அண்டைக்கே கேட்டிருக்கலாமே.”

“எந்தப் பாஷையிலை அம்மா?”

அன்றிரவு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நான் சோதனை எழுதினேன். சனிக்கிழமைகளில் அந்த வீட்டு நிலக்கீழ் அறையில் சட்டைகளோடு மல்லுக்கட்டினேன். சனிக்கிழமைகளில் மிஸிஸ் பிள்ளைகளை ஸ்கேற்றிங்குக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அதனால் பயமில்லை. ஆனால் ஒவ்வொரு கிழமையும், யாராவது ஒருநாள் கண்டுபிடித்தால் அம்மாவின் வேலையோடு டொறீனின் வேலையும் போகும் என்ற நினைப்பில் ஒரு காதை மாடிப்படிப் பக்கமே வைத்துக்கொண்டு அயன் பண்ணுவேன். வேலை போனால் அவர் இங்கே நிரந்தரமாகத் தங்குவதற்கான கடதாசி அலுவல்களும் இழுபடும். அதை அவர் சொல்லவில்லை. நானாக விசாரித்து அறிந்துகொண்டேன்.

ஐந்தாவது சனிக்கிழமை மிஸிஸ் திரும்பி வந்துவிட்டார். ஏதோ கையுறையை மறந்துவிட்டாராம். நிலக்கீழ்ப் படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. ஒளிய இடமில்லை. கையில் சூடான அயன் பெட்டியோடு நான் உறைந்து நின்றேன். பின்னால் டொறீன் துவாய் மடித்துக்கொண்டிருந்தார்.

மிஸிஸ் பாதிப் படியில் நின்று என்னை நேராகப் பார்த்தார். சிரித்தார்.

“குட் மோர்னிங், ரீட்டா. இப்போதெல்லாம் சட்டைக் கொலர்கள் நன்றாக வருகின்றன. முன்பைவிட நன்றாக.”

அம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயது. எனக்குப் பதினேழு. அம்மா என் தோளுக்குத்தான் வருவார். அம்மாவுக்குக் கொண்டை, எனக்கு இரட்டைப் பின்னல். இரண்டு வருடமாக அம்மாவைக் கண்ட கண்கள் அவை.

பின்னால் டொறீன் மெல்லச் செருமினார். என் வாயில் ஆங்கிலம் வரிசையில் வந்து நின்றது. நான் ரீட்டா இல்லை, அவவும் ரீட்டா இல்லை, அவவின் பெயர் இரத்தினேஸ்வரி என்று. அத்தனையையும் விழுங்கினேன்.

“தாங் யூ மிஸிஸ்” என்றேன், அம்மாவின் குரலில்.

கார் போன சத்தம் கேட்கும்வரை இருவரும் அசையவில்லை. பிறகு டொறீன் மடித்த துவாயொன்றில் முகத்தைப் புதைத்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து பக்கத்தில் போனேன். சிரிப்பு. என்னையும் இழுத்துக்கொண்டு அந்தத் துவாய்க் குவியலில் விழுந்தார். சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. ஐந்து கிழமைப் பயம் அன்றைக்குத்தான் என்னை விட்டு இறங்கியது. எங்களை யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. கண்டுபிடிப்பதற்கு முதலில் பார்த்திருக்கவேண்டுமே.

பஸ்ஸில் வரும்போது சிரிப்பு வற்றிக் கோபம் வந்தது. கோபத்தோடுதான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா மாவுக்கட்டுக் கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார்.

“நல்லது. எனக்கு இருபத்தைஞ்சு வயசு குறைஞ்சிட்டுது.”

“அம்மா, சிரியாதேங்கோ. அவவுக்கு உங்களை அடையாளமே தெரியேல்லை.”

“தெரிஞ்சிருந்தா நீ சோதினை எழுதியிருப்பியோ?” சிரிப்பு நின்றது. பிறகு, “ஆனா உன்ரை கொலர் என்ரையைவிட நல்லாவோ இருந்தது?” என்றார்.

அதுதான் அவருக்குச் சுட்டது.

சோதனை முடிவும் வந்தது. கணக்கில் வகுப்பிலேயே இரண்டாவது. இதைச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் வராதா என்று இவ்வளவு நேரமும் காத்திருந்தேன், மன்னியுங்கள். கட்டு வெட்டியபின் அம்மா வேலைக்குத் திரும்பிய நாள், பையில் ஒன்றுக்கு இரண்டு பேணி இருந்தது. ஜெராட் வீதிக் கடையில் ஒரே அளவாகத் தேடி வாங்கியது. அந்த நாளுக்காகவே விடுமுறை பார்த்து நானும் போயிருந்தேன். டொறீன் ஊற்றிய தேத்தண்ணியை அம்மா இரண்டிலும் பங்கிட்டு ஒன்றை அவரிடம் நீட்டினார். டொறீன் பேணியின் நடுப்பகுதியைப் பிடித்து, “ஓ!” என்று சுட்ட கையை உதறினார். அம்மா விளிம்பில் இரண்டு விரலால் பிடித்துக் காட்டினார். அதற்குப் பாஷை தேவைப்படவில்லை. அதன்பிறகு திங்கள், புதன், வெள்ளி பதினொரு மணிக்குப் பாட்டு நிற்கவில்லை என்று அம்மா சொல்வார். ராகம் தெரியாத அம்மாவும் சேர்ந்து முணுமுணுக்கத் தொடங்கியிருந்தார்.

அந்த வீடு இப்போது இல்லை. போன வருடம் அந்தப் பக்கம் போனபோது இறங்கிப் பார்த்தேன். கல்லெல்லாம் ஏற்றிப்போய்விட்டார்கள். அந்த இடத்தில் ஒரு குழியும், இன்னும் பெரிய வீடு வரப்போகிறது என்ற பலகையும் இருந்தன. மிஸிஸ் எங்கே போனாரென்று தெரியாது. டொறீனுக்குக் கடதாசி கிடைத்து, மகளும் வந்து, இருவரும் மேற்கே தொலைவிலுள்ள எட்மன்ரனுக்குப் போய்விட்டார்கள். இரண்டு நத்தாருக்குக் கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டை வந்தது, பிறகு விலாசம் மாறியிருக்கவேண்டும், நாங்கள் அனுப்பியது திரும்பி வந்தது. அம்மா இப்போது மார்க்கம் என்னும் பக்கத்து நகரில் ஓர் அலுவலகச் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை செய்கிறார். அங்கே எல்லோருக்கும் ஒரேமாதிரிக் கடதாசிக் கோப்பை. குடித்துவிட்டு எறிந்துவிடலாம். நல்லதுதான். ஆனால் பதினொரு மணிக்கு வேலையை நிறுத்திவிட்டு ஒருவருக்கொருவர் ஊற்றிக் கொடுக்க அங்கே யாருக்கும் நேரமில்லையாம்.

எனக்கு ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. இங்கே அல்ல, தண்டர் பேயில். ஒரு பகலும் ஓர் இரவும் பஸ்ஸில் போகவேண்டும்.

“அங்கை உனக்கு ஆர் இருக்கினம்?” என்றார் அம்மா.

“ஒருத்தருமில்லை.”

“குளிர்?”

“இஞ்சத்தையைவிடக் கூட.”

“அப்ப வழுக்காத சப்பாத்தாப் பாத்து வாங்கு” என்றார்.

வாங்கிவிட்டேன். புத்தகப் பெட்டிகள் இரண்டும் எனக்கு முன்னாலேயே பஸ்ஸில் போய்ச் சேர்ந்துவிட்டன. அறை வாடகைக்குத் தரும் பெண்மணி நேற்றுத் தொலைபேசியில் கூப்பிட்டு, அவற்றை ஜன்னலோரம் வைத்திருப்பதாகச் சொன்னார்.